ஓயாது சுழலும் விசிறி: மடிக்கணினியின் இரைச்சலுக்குக் காரணம் தேடும் முறை

உறுப்பினர் கல்விப் பாடம்

1904ஆம் ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றிய காலத்தில் கணக்கனைத்தும் கையெழுத்தாகவே இருந்தது. இந்நாளில் சங்கத்தின் பேரேடு பெரும்பாலும் இயந்திரத்தில் ஏறிவிட்டது. நாடெங்குமுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்குவதற்காக 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றுக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் 29 அன்று ஒப்புதல் அளித்தது. உறுப்பினர்களின் இல்லங்களிலும் இவ்வியந்திரம் புகுந்து வெகு நாளாயிற்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டம் உழவர், நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலரின் கையில் அதைக் கொண்டு சேர்த்தது.

நெசவுத் தொழிலில் உள்ளோர் கணினியைக் கண்டு கூச்சப்பட வேண்டுவதில்லை. 1804ஆம் ஆண்டளவில் பிரான்சு தேசத்து ஜாக்கார்டு என்பவர், அட்டையில் இட்ட துளைகளைக் கொண்டு பாவு நூல்களை ஏற்றியிறக்கும் தறியை அமைத்தார். துளை உண்டா, இல்லையா என்னும் இரண்டே விடைகளால் ஒரு பூ வேலைப்பாடு முழுவதையும் எழுதிவைக்கலாம் என்பதை அந்தத் தறி காட்டிற்று. பிற்காலத்தில் கணக்கிடும் இயந்திரங்களும் அதே துளை அட்டையைக் கையாண்டன. ஆகவே கணினியின் முன்னோரில் ஒருவர் தறிக்கூடத்தில் பிறந்தவரே.

இத்தகைய மடிக்கணினியைப் பற்றி நம் சங்கங்களில் அடிக்கடி கேட்கப்படும் குறை ஒன்று உண்டு. இயந்திரத்தை இயக்கிய சிறிது நேரத்தில் உள்ளிருக்கும் விசிறி முழு வேகத்தில் சுழலத் தொடங்குகிறது. பின்னர் ஓய்வதே இல்லை. அந்த இரைச்சல் காதை வருத்துகிறது, வேலையும் மந்தமாகிறது. சில வேளைகளில் கடன் மனுக்களைப் பதிந்துகொண்டிருக்கையிலேயே இயந்திரம் தானாக அணைந்துவிடுகிறது. இதற்குச் சிலர், "இயந்திரம் பழையதாகிவிட்டது, புதிது வாங்குவோம்" என்று தீர்மானம் எழுதுகின்றனர். வேறு சிலர் விசிறியின் கம்பியைக் கழற்றி அமைதி தேடுகின்றனர். முன்னது உறுப்பினர்களின் பணத்தை வீணாக்குவது. பின்னது இயந்திரத்தையே அழிப்பது. இரண்டுக்கும் இடையே, செலவின்றித் தொடங்கிச் சிறு செலவில் முடியக்கூடிய ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. அதை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

விசிறி செய்யும் வேலை யாது?

விசிறி தன் விருப்பப்படி சுழல்வதில்லை. அது ஏவல் கேட்டு நடக்கும் பணியாள். மடிக்கணினியின் மூளையாகிய புராசசர் என்னும் சில்லு, வேலை செய்யும்போதெல்லாம் சூடாகிறது. மெல்லிய மடிக்கணினிகளில் இச்சில்லு தொடர்ந்து செலவிடும் மின்சக்தி பெரும்பாலும் 15 வாட் அளவில் இருக்கும். பெரிய இயந்திரங்களில் 45 வாட்டும் அதற்கு மேலும் ஆகலாம். 15 வாட் என்பது சிறிதே என்று தோன்றலாம். அத்தனை வெப்பமும் விரல் நகத்தளவு இடத்தில் பிறக்கிறது என்பதை எண்ணினால் அதன் கடுமை புலனாகும்.

அவ்வெப்பம் வெளியேறும் பாதையை மனத்திற் கொள்ளுதல் அவசியம். சில்லின்மேல் வெப்பப் பசை மெல்லியதாகப் பூசப்பட்டிருக்கும். அதன்மேல் ஒரு செம்புத் தகடு அழுந்தி நிற்கும். தகட்டிலிருந்து தட்டையான செம்புக் குழல் புறப்பட்டு இயந்திரத்தின் ஓரத்தை அடையும். அக்குழலுக்குள் காற்று நீக்கப்பட்டுச் சிறிதளவு நீர் அடைக்கப்பட்டிருக்கும். காற்றழுத்தம் இல்லாமையால் அந்நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகி மறுமுனைக்கு ஓடி, அங்கே குளிர்ந்து, மீண்டும் நீராகித் திரும்பும். மறுமுனையில், தறியின் அச்சுப் பற்களைப் போல் நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகள் உள்ளன. விசிறி அத்தகடுகளினூடே காற்றைத் தள்ளி, வெப்பத்தை வெளியே போக்குகிறது.

சில்லின் சூட்டை அளந்து சொல்லும் உணர்வி ஒன்றும், அச்செய்தியைக் கேட்டு விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று ஒன்றும் உள்ளே இருக்கின்றன. சூடு ஏறினால் வேகம் ஏறும். சூடு தணிந்தால் வேகம் தணியும். பெரும்பாலான சில்லுகள் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தம் வேலையின் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதற்கு மேலும் ஏறினால் இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடுகிறது. மந்தமும் திடீர் அணைவும் இவ்வாறு வருவனவே.

வேளாண் பெருமக்களுக்கு இதனை வாய்க்காலைக் கொண்டு விளக்கலாம். கோமுகி அணையின் பாசன வாய்க்கால் ஓரிடத்தில் கரைமீறி வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் காரணம் மூன்றில் ஒன்றாகவே இருத்தல் கூடும். வரத்து அதிகமாயிருக்கலாம். வழியில் அடைப்பு இருக்கலாம். அல்லது மடைக் காவலர் தவறான செய்தி கேட்டு மடையைத் திறந்துவிட்டிருக்கலாம். மடிக்கணினிக்கும் இம்மூன்றே காரணங்கள்: மிகையான வேலை, வெப்பப் பாதையில் அடைப்பு, தவறான செய்தி. நான்காவதாக விசிறியே தேய்ந்து ஓசையிடுவதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எது காரணம் என்று தெளியாமல் கை வைப்பது, அடைப்பு இருக்கும் இடம் அறியாமல் வாய்க்கால் முழுவதையும் தோண்டுவதற்கு ஒப்பாகும்.

காதும் கையும் கொண்டு செய்யும் பரிசோதனை

எந்தக் கருவியும் இல்லாமல் முதற் பரிசோதனையைச் செய்யலாம். முதலில் ஓசையைக் கேட்க வேண்டும். சீரான காற்றோசையாயின் விசிறி நலமாக இருக்கிறது. வேகமாகச் சுழலுமாறு அதற்குக் கட்டளை வந்திருக்கிறது என்பது பொருள். கரகரப்போ, தட்டும் ஓசையோ, இயந்திரத்தைச் சாய்க்கும்போது மாறும் ஓசையோ கேட்குமாயின் விசிறியின் தாங்கி தேய்ந்திருக்கலாம். அல்லது இலைகளில் ஏதேனும் உரசலாம்.

அடுத்து, காற்று வெளிவரும் துவாரத்தின் எதிரே உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். நான்கு நிலைகள் ஏற்படலாம்.

1. காற்று பலமாகவும் சூடாகவும் வந்தால், பாதை திறந்திருக்கிறது. வெப்பம்தான் மிகுதியாகப் பிறக்கிறது. வேலைப் பளுவை ஆராய வேண்டும்.

2. இரைச்சல் பெரிதாக இருந்தும் காற்று மெல்லியதாக வந்தால், பாதையில் தூசு அடைத்திருக்கிறது.

3. காற்று பலமாகவும் குளிர்ச்சியாகவும் வந்து, இயந்திரமோ மந்தமாக இருந்தால், வெப்பம் சில்லிலிருந்து தகடுகளுக்கு வந்து சேரவில்லை. பசை உலர்ந்திருக்கலாம், செம்புத் தகட்டின் திருகுகள் தளர்ந்திருக்கலாம்.

4. காற்று பலமாகவும் குளிர்ச்சியாகவும் வந்து, இயந்திரம் சுறுசுறுப்பாகவே வேலை செய்தால், சூடு இல்லாமலே விசிறிக்குக் கட்டளை போகிறது. செய்தியில்தான் பிழை.

இந்த நான்கையும் மனனம் செய்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்ததாகக் கொள்ளலாம்.

முதற் காரணம்: மிகையான வேலை

நாம் ஒன்றும் செய்யாதிருக்கும்போதும் இயந்திரம் சும்மா இருப்பதில்லை. விண்டோஸ் இயங்குதளம் உள்ள இயந்திரமாயின், கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பட்டியல் திறக்கும். அதில் சி.பி.யூ. என்னும் பத்தியின் தலைப்பைச் சொடுக்கினால், அதிக வேலை வாங்கும் நிரல் மேலே வந்து நிற்கும். ஒருவரும் வேலை செய்யாத நேரத்தில் மொத்த அளவு நூற்றுக்குப் பத்துக்கும் கீழே இருப்பதே இயல்பு. அது 50 அல்லது 90 என்று நின்றுகொண்டிருந்தால், யார் அந்த வேலையை வாங்குகிறார் என்பதைப் பட்டியலே கூறிவிடும்.

வழக்கமாக அகப்படும் குற்றவாளிகள் சில உண்டு. பல நாள் மூடிவைத்திருந்த இயந்திரத்தைத் திறந்தவுடன், நிலுவையிலிருந்த புதுப்பிப்புகள் அனைத்தும் ஒருசேர இறங்கத் தொடங்கும். அப்போது விசிறி இரைவது நோயன்று. அரை மணி அல்லது ஒரு மணி நேரம் விட்டுப் பார்க்க வேண்டும். கல்வராயன் மலைமேல் அலைத்தொடர்பு நலிந்த ஊர்களில் புதுப்பிப்பு பாதியில் நின்று மறுபடியும் மறுபடியும் தொடங்குவதுண்டு. அத்தகைய இடங்களில், கீழே கள்ளக்குறிச்சிக்கு வரும் நாளில் இயந்திரத்தையும் உடன் கொண்டுவந்து புதுப்பிப்பை முடித்துக்கொள்ளல் நலம்.

இரண்டு நச்சுநிரல் தடுப்பிகளை ஒரே இயந்திரத்தில் நிறுவுவது மற்றொரு பிழை. இரண்டு காவற்காரர் ஒருவரையொருவர் சோதித்துக்கொண்டே இருப்பர். ஒன்றை நீக்கிவிட வேண்டும். இணைய உலாவியில் இருபது முப்பது பக்கங்களைத் திறந்துவைப்பதும் பளுவே. பெயர் தெரியாத நிரல் ஒன்று ஓயாமல் வேலை வாங்குமாயின் அதைச் சந்தேகிக்க வேண்டும். பிறருடைய இயந்திரத்தில் களவாகப் புகுந்து, அதன் மின்சாரத்தைக் கொண்டு மறைநாணயம் ஈட்டும் தீய நிரல்கள் உலவுகின்றன. இலவசமாகக் கிடைத்த திருட்டு மென்பொருளோடு அவை உள்ளே வருகின்றன. நச்சுநிரல் தடுப்பியால் முழுச் சோதனை செய்து அவற்றைக் களைய வேண்டும். சங்கத்தின் இயந்திரத்தில் இது அகப்பட்டால், இரைச்சலினும் பெரிய ஆபத்து உறுப்பினர்களின் கணக்கு விவரங்களுக்கே என்பதை உணர்ந்து கடவுச்சொற்களையும் மாற்ற வேண்டும்.

வேலை நியாயமானதே, ஆயினும் இரைச்சல் மிகுதி என்றால், இயந்திரத்தின் வேகத்தைச் சிறிது கட்டுப்படுத்தலாம். விண்டோஸ் 11இல் அமைப்புகள் பகுதியிலுள்ள மின்சக்திப் பக்கத்தில், உயர்ந்த செயல்திறனுக்குப் பதிலாகச் சிக்கனம் என்னும் பொருள்படும் முறையைத் தேர்ந்தெடுத்தால் சூடு குறையும். கணக்கெழுதுவதற்கும் பட்டியல் அச்சிடுவதற்கும் முழு வேகம் தேவையில்லை. விசிறியின் வேகம் பாதியானால் அதன் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும் என்பது பொறியியல் கணக்கு. ஆதலின் சிறிதளவு வேலையைக் குறைத்தாலும் காதுக்குக் கிடைக்கும் ஆறுதல் பெரிது.

இரண்டாங் காரணம்: அடைப்பு

நம் பகுதியில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. கணினி அமைப்போர் தூய்மையான அலுவலக அறையை எண்ணியே இயந்திரத்தைச் செய்கின்றனர். நம்முடைய இயந்திரங்களோ பாவு ஓடும் கூடத்திலும், தார் சுற்றும் திண்ணையிலும், நெல்லும் மக்காச்சோளமும் தூற்றும் களத்தருகிலும் வேலை செய்கின்றன. பருத்தி நூலிலிருந்து பறக்கும் பஞ்சுத் துகளும், பாவில் இட்ட கஞ்சியின் உலர்ந்த பொடியும் காற்றில் மிதந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. அரிசி ஆலைக்கு அருகில் உமித் தூளும், மரவள்ளி மாவாக்கும் இடத்தில் வெண் பொடியும், 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச் சிற்பத் தொழில் நடக்கும் பட்டறைகளில் மரத்தூளும் அவ்வாறே புகும். மலையூர்களில் விறகடுப்பின் புகைக்கரி ஒட்டும் தன்மை உடையதாதலால், அதன்மேல் படியும் தூசு எளிதில் உதிராது.

இத்தூசு சிதறி எங்கும் படிவதில்லை. விசிறிக்கும் உலோகத் தகடுகளுக்கும் இடையே, தகடுகளின் வாயில், கம்பளித் துண்டு போன்ற ஒரு படலமாகத் திரண்டு நிற்கும். பஞ்சும் கஞ்சிப் பொடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் காற்று அப்படலத்தைக் கடந்து செல்லாது. சூடு ஏறும், மேலும் வேகமாகச் சுழலக் கட்டளை வரும், அதனால் மேலும் தூசு இழுக்கப்படும். இவ்வாறு தொல்லை தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும்.

தூசு நீக்குமுன் இயந்திரம் வைக்கப்படும் இடத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலான மடிக்கணினிகள் அடிப்புறத்தில் காற்றை உறிஞ்சி ஓரத்தில் வெளிவிடுகின்றன. மெத்தை, கோரைப்பாய், துணிமூட்டை ஆகியவற்றின்மேல் வைத்தால் மூக்கைப் பொத்தியது போலாகும். மேசைமேல் வைத்து, பின்புறத்தில் ஓரங்குல உயரமுள்ள இரண்டு மரத்துண்டுகளைத் தாங்கலாகக் கொடுத்தாலே பல இயந்திரங்களில் இரைச்சல் தணியும். தூசு படாதிருக்கப் போடும் துணி உறையை இயந்திரம் ஓடும்போது எடுத்துவிட வேண்டும்.

அறையின் வெப்பமும் பொருட்படுத்த வேண்டியதே. விசிறி அறைக் காற்றைத்தான் வீசுகிறது. அதனால் இயந்திரத்தை அறையைவிடக் குளிரச் செய்ய இயலாது. காற்று 25 டிகிரியாக உள்ளபோது 70 டிகிரியில் நிற்கும் சில்லு, அதே வேலையில், காற்று 40 டிகிரியானால் ஏறத்தாழ 85 டிகிரியை எட்டும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரையின் கீழ் நண்பகலில் விசிறி இரைவது வியப்பன்று. மலையில் இக்கணக்குச் சிறிது மாறும். 3,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே அது வெப்பத்தைச் சற்றுக் குறைவாகவே சுமக்கும். ஆயினும் ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 2 டிகிரி வீதம் காற்றுக் குளிர்வதால், கூட்டிக் கழித்துப் பார்த்தால் மலைவாசிகளின் இயந்திரத்துக்கு இழப்பில்லை. எனவே வெள்ளிமலைப் பக்கத்தில் குளிர்ந்த நாளிலும் விசிறி ஓயவில்லை என்றால் அதைப் பருவத்தின் மேல் போட்டுவிடலாகாது; காரணம் உள்ளே இருக்கிறது.

தூசு நீக்கும் முறை

உத்தரவாதக் காலம் முடியாத இயந்திரத்தை நாமே திறத்தல் கூடாது. முடிந்ததாயின், பின்வரும் ஒழுங்கில் செய்யலாம்.

1. முதலில் கணக்குகளின் பிரதி ஒன்றை வேறொரு சேமிப்புக் கருவியில் எடுத்துக்கொள்க. இதைச் செய்யாமல் திருகைத் தொடாதிருப்பதே சங்கத்தின் விதியாக இருக்கட்டும்.

2. இயந்திரத்தை முற்றிலும் அணைத்துச் சார்ஜரைக் கழற்றுக. தரையோடு இணைந்த உலோகம் ஒன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை இறக்கிவிடுக.

3. அடிமூடியின் திருகுகளை, எந்த இடத்தில் எந்தத் திருகு என்று தாளில் படம் வரைந்து, அதன்மேல் வரிசையாக வைக்க. நீளம் வேறுபடும் திருகுகளை மாற்றிப் போட்டால் பலகை உடையும்.

4. மூடி திறந்தவுடன் பாட்டரியின் இணைப்பை விடுவிக்க. பாட்டரி உப்பியிருப்பது கண்ணிற் பட்டால் அதோடு நிறுத்திக்கொள்க. அதை அழுத்துவதும் குத்துவதும் தீ விபத்தில் முடியும். தேர்ந்தவரிடம் கொடுத்து மாற்ற வேண்டும்.

5. விசிறியின் இலையைத் தீக்குச்சி போன்ற மெல்லிய மரக்குச்சியால் அசையாது பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் இலைகளைத் துடைக்க. பிடிக்காமல் காற்றை ஊதினால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று கெடும்.

6. தகடுகளின் வாயில் உள்ள படலத்தை இடுக்கியால் மெல்ல உரித்தெடுக்க. எஞ்சியதைக் கையால் அழுத்தும் காற்றுக் குமிழாலோ, கடையில் கிடைக்கும் அழுத்தக் காற்றுக் குப்பியாலோ ஊதி நீக்குக. டயர் கடைக் காற்று உதவாது. அதில் நீர்த்துளியும் எண்ணெயும் கலந்திருக்கும், அழுத்தமும் மிகுதி.

விசிறியின் நடுத்தண்டில் தையல் எந்திர எண்ணெயோ தறிக்கிடும் எண்ணெயோ விடுவது நம்மவரிடையே காணப்படும் வழக்கம். இலைகளுக்குத் தெறிக்கும் எண்ணெய் பஞ்சைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சில நாளில் நிலை முன்னைவிட மோசமாகும். தேய்ந்து கரகரக்கும் விசிறிக்கு மாற்று விசிறியே மருந்து. அதன் விலை புதிய இயந்திரத்தின் விலையில் மிகச் சிறு பங்கே. வாங்குமுன் இயந்திரத்தின் மாதிரி எண்ணையும், விசிறியின்மேல் அச்சிட்டுள்ள எண்ணையும் குறித்துக்கொண்டு செல்ல வேண்டும்.

வெப்பப் பசை

காற்று குளிர்ந்து வந்து இயந்திரம் மட்டும் மந்தமாயிருக்கும் மூன்றாம் நிலைக்குப் பசையே பெரும்பாலும் காரணம். சில்லும் செம்புத் தகடும் பார்வைக்கு வழவழப்பாக இருப்பினும் அவற்றினிடையே நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டு. அவற்றில் தங்கும் காற்று வெப்பத்தைக் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்பவே பசை இடப்படுகிறது. சில ஆண்டுகளில் அது வறண்டு வெடித்துவிடுகிறது. பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் நனைத்த மெல்லிய துணியால் முற்றும் துடைத்து, புதிதாகச் சிறிதளவு இட்டு, திருகுகளைத் தகட்டில் பொறித்துள்ள எண் வரிசைப்படி சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். பசையை மிகுதியாக அப்புவதால் பயனில்லை. கைப்பழக்கம் இல்லாதோர் இவ்வேலையைப் பழுது பார்ப்பவரிடம் விடுவதே நன்று.

மூன்றாங் காரணம்: தவறான செய்தி

சூடே இல்லாதபோதும் விசிறி இரைந்தால் கட்டுப்பாட்டுச் சுற்றைச் சீர்படுத்த முயல வேண்டும். இயந்திரத்தை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, கழற்றக்கூடிய பாட்டரியாயின் அதையும் எடுத்துவிட்டு, இயக்கு விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே தங்கிய மின்சாரம் வடிந்து, சுற்று தன் தொடக்க நிலைக்குத் திரும்பும். பல இயந்திரங்களில் இதுவொன்றே போதுமானது, செலவும் இல்லை.

அதனாலும் தீராவிடில், இயந்திரம் விழிக்கும்போது எஃப் 2, எஃப் 10 போன்ற உரிய விசையை அழுத்திப் பயாஸ் என்னும் அடிப்படை அமைப்புக்குள் சென்று பார்க்க வேண்டும். சில நிறுவனங்களின் இயந்திரங்களில், மின் இணைப்பில் உள்ளபோது விசிறி எப்போதும் சுழல வேண்டும் என்னும் தேர்வு அங்கே இருக்கும்; அதை நீக்கலாம். நிறுவனத்தின் தளத்தில் பயாஸுக்குப் புதிய பதிப்பு வந்திருந்தால் அதையும் நிறுவலாம். ஆனால் அவ்வேலை நடக்கும்போது மின்சாரம் தடைப்பட்டால் இயந்திரம் மறுபடி விழிக்காமலே போகலாம். ஆதலின் பாட்டரி நிறைந்திருக்க, சார்ஜரும் இணைந்திருக்க, இடி மழை இல்லாத நாளில் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். இவ்வளவும் செய்து பயனில்லையாயின் உணர்வியோ பலகையோ பழுதுற்றிருக்கலாம். அது தொழில் வல்லுநரின் எல்லை.

செய்யத் தகாதவை

விசிறியின் கம்பியைக் கழற்றலாகாது. மென்பொருளால் அதன் வேகத்தை வலிந்து தாழ்த்துவதும் அதற்கு நிகரானதே. ஈரத்துணியும் பனிக்கட்டியும் வைத்துக் குளிரச் செய்தால் நீர் உள்ளே கோத்துக்கொள்ளும். அடுத்தடுத்து அணைந்துபோகும் இயந்திரத்தில் கணக்கெழுதலாகாது. பாதி எழுதிய கணக்கு எழுதாத கணக்கினும் கேடு.

சங்கம் செய்யத் தக்கது

ஒரு தூரிகை, ஒரு காற்றுக் குமிழ், ஒரு திருகுளித் தொகுதி, ஒரு சிறு குழல் வெப்பப் பசை ஆகிய நான்கும் ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டியதில்லை. சங்கத்தில் ஒன்று இருந்தால் ஐம்பது வீடுகளுக்கு உதவும். கூட்டுறவின் பயன் விதை, உரம், நூல் ஆகியவற்றோடு நின்றுவிட வேண்டும் என்னும் நியதி இல்லை. உறுப்பினர்களின் பிள்ளைகளுள் ஆர்வமுள்ள இருவருக்கு இப்பழக்கத்தைக் கற்பித்துவிட்டால், மலையிலிருந்து ஒரு தூரிகை வேலைக்காக நகரம்வரை பேருந்தேறும் நாள்கூலி இழப்பு மிச்சமாகும்.

ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். குறை தோன்றிய நாள், கையால் கண்ட நிலை, செய்த வேலை, அதன் பலன் என நான்கு பத்திகள் போதும். தறிக்கூடத்தில் வேலை செய்யும் இயந்திரத்தை மூன்று மாதத்துக்கு ஒரு முறையும், மற்றவற்றை ஆண்டுக்கு ஒரு முறையும், குறிப்பாகக் கோடை தொடங்குமுன், தூசு தட்டுவது நன்று. புதிய இயந்திரம் வாங்கும் தீர்மானம் நிர்வாகக் குழுவின் முன் வரும்போது அக்குறிப்பேட்டையும் உடன் வைக்கும்படி உறுப்பினர்கள் கேட்கலாம். நான்கு காரணங்களும் ஆராயப்பட்டனவா என்பது அதிலிருந்து விளங்கும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போதும் எச்சரிக்கை வேண்டும். உறுப்பினர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கடன் விவரம் ஆகியவை அவ்வியந்திரத்தில் உள்ளன. இயன்றவரை சங்கத்தின் அறையிலேயே, செயலாளர் முன்னிலையில் பழுது பார்க்கச் செய்ய வேண்டும். வெளியே கொடுக்க நேர்ந்தால், விவரங்களுக்குப் பிரதி எடுத்துக்கொண்டு இயந்திரத்திலிருந்து அவற்றை நீக்கியோ, சேமிப்புத் தட்டைக் கழற்றி வைத்துக்கொண்டோ கொடுக்க வேண்டும். மாற்றிய பழைய உறுப்பைத் திரும்பக் கேட்டு வாங்குவது உரிமையே அன்றிச் சந்தேகமாகாது.

விசிறியின் இரைச்சல் உள்ளே ஓரிடத்தில் வெப்பம் தங்குகிறது என்பதை அறிவிக்கும் குரல். அக்குரலை அடக்காமல் காரணத்தைத் தேடுவோர் பணத்தையும் காப்பர். உறுப்பினர்களின் கணக்கையும் காப்பர்.

படிப்பு வட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. விசிறி இரைகிறது; துவாரத்தில் காற்று மெல்லியதாக வருகிறது. காரணம் யாது? முதலில் செய்ய வேண்டுவது என்ன?

2. குளிர்ந்த காற்று பலமாக வரும் இரண்டு நிலைகளை எவ்வாறு பிரித்தறிவது?

3. நம் சங்கத்தின் இயந்திரம் வைக்கப்பட்டுள்ள இடத்தில் எவ்வகைத் தூசு மிகுதி? இடத்தை மாற்ற இயலுமா?

4. நம் சங்கத்தின் கணக்குகளுக்குக் கடைசியாகப் பிரதி எடுத்த நாள் எது? அப்பிரதி எங்கே, யார் பொறுப்பில் உள்ளது?

5. பொதுக் கருவிகளைச் சங்கம் வாங்கி வைப்பதானால், அவற்றை உறுப்பினர் பயன்படுத்துவதற்கு என்ன விதிகள் வகுக்கலாம்?